முடிவைத் தள்ளிக்கொண்டே போகும் பிராஜெக்ட் மேனேஜர்: புரோகிராம் பக்கம் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வது?

பெருங்களத்தூர்_பிஎம்ஓ

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வங்கியின் கோர் பேங்கிங் மாற்றத்தில் இருக்கிறேன். பழைய சிஸ்டத்தை மொத்தமாக விட்டுப் புதியதற்குப் போகிறார்கள். உள்ளே தனித்தனி பிராஜெக்ட்கள்: டேட்டா மைக்ரேஷன் (பழைய சிஸ்டத்துத் தகவல்களைப் புதியதற்கு மாற்றுவது), இன்டர்ஃபேஸ், மொபைல் ஆப், கிளைப் பயிற்சி, ரிப்போர்ட்டிங். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராஜெக்ட் மேனேஜர் (பிஎம்). நான் மேலே, இந்த எல்லா பிராஜெக்ட்களையும் ஒருங்கிணைக்கும் புரோகிராம் ஆபீஸில். எனக்குக் கீழே யாரும் கிடையாது, ஆனால் மொத்த பிளானும் என் தலையில்.

சிக்கல் டேட்டா மைக்ரேஷன் பிஎம்மிடம். நல்ல மனிதர், கிளைகளில் ரொம்ப வருடம் வேலை பார்த்தவர், வங்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது. ஆனால் அவரிடம் ஒரு முடிவு கேட்டால் கிணற்றில் போட்ட கல்தான்.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது இது. பழைய சிஸ்டத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வாடிக்கையாளர் எண் இருக்கிறது. தாம்பரத்தில் சேமிப்புக் கணக்கு திறந்தபோது ஒன்று கொடுத்திருப்பார்கள், அப்புறம் அண்ணா நகரில் வீட்டுக்கடன் வாங்கியபோது இன்னொன்று. ஒருவருக்கு ஒரே அடையாள எண்தான் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது, இன்னும் பாக்கி இருப்பதையெல்லாம் இந்த மாற்றத்தோடு சேர்த்து முடிக்கப் பார்க்கிறார்கள். எண்களைச் சேர்க்கும்போது முகவரி வேறு வேறாக இருந்தால் எதை வைத்துக்கொள்வது? கடைசியாகத் திருத்தியதையா, கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) புதுப்பித்தபோது கொடுத்ததையா, கடன் கணக்கில் இருப்பதையா? கேட்டது தீபாவளிக்கு முன்னால், இப்போது பொங்கலும் போய்விட்டது. கூட்டத்தில் கேட்டால் "பார்த்துச் சொல்றேன்", "இன்னும் கொஞ்சம் டேட்டா வரட்டும்", "ஆபரேஷன்ஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடலாம்". ஒருமுறைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை, அதுதான் கஷ்டமே.

இதனால் மொபைல் ஆப் டீம் எந்த லாகின் எந்த வாடிக்கையாளர் எண்ணுக்கு என்ற மேப்பிங்கைத் தொட முடியவில்லை, டெஸ்ட் டீமிடம் டேட்டா இல்லை, பயிற்சிக் கையேட்டில் வாடிக்கையாளர் விவரத் திரை வர வேண்டிய பக்கங்கள் காலி. மார்ச் 31 நெருங்கிவிட்டால் வருடக் கணக்கு முடிப்பு என்று சொல்லி யாரும் எதையும் தொடவிட மாட்டார்கள். பிப்ரவரியில் ஒத்திகை ஓட்டியே ஆக வேண்டும். என் டைரக்டர் "நீயே பேசி முடிச்சுடு" என்கிறார். வயதில் பெரியவர், கறாராகவும் பேச முடியவில்லை. என்ன செய்வீர்கள்?

நாவலூர்_நாகு

எஸ்கலேட் செய்யுங்கள் பாஸ், மேலிடத்துக்குக் கொண்டுபோங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் டேட்டா மைக்ரேஷனை சிவப்பாக்கி, காரணம் என்ற இடத்தில் "முடிவு நிலுவை" என்று அவர் பெயரைப் போட்டு, புரோகிராமை மேற்பார்வையிடும் ஸ்டியரிங் கமிட்டிக்கு அனுப்புங்கள். மறுநாளே முடிவு வந்துவிடும். நாங்கள் சாஃப்ட்வேர் கோடு எழுதுகிற ஆட்கள். மேலே நீங்கள் மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால் கடைசியில் சனி ஞாயிறு ஆபீஸ் வருவது நாங்கள்தான்.

அரைப்பென்ஷன்

நாகு தம்பி, அப்படி அனுப்பினால் மறுநாள் முடிவு வரும், உண்மைதான். அதற்கடுத்த முடிவு வரவே வராது. அந்த மனிதர் அன்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எழுத்துப்பூர்வமாகக் கேள், எல்லோருடைய கையெழுத்தும் வாங்கி வா என்று ஆரம்பித்துவிடுவார். பொதுத்துறையில் இருந்து வந்தவன் சொல்கிறேன். எங்கள் காலத்தில் முடிவெடுக்க விருப்பமில்லாத அதிகாரி ஃபைலில் "பேசவும்" என்று பச்சை மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். போய்ப் பேசினால் நன்றாகத்தான் பேசுவார், காபிகூட வாங்கித் தருவார். ஃபைலில் மட்டும் ஒன்றும் ஏறாது.

பெருங்களத்தூர் தம்பிக்கு ஒரு கேள்வி. முகவரி விதியை முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது என்று எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது? பிரின்ஸ்2 என்ற பிராஜெக்ட் நிர்வாக முறையைப் படித்தவர்களுக்கு டாலரன்ஸ் என்பது தெரிந்திருக்கும். செலவு, காலம், தரம், ரிஸ்க் என்று ஒவ்வொன்றிலும் பிஎம் எதுவரை தானே போகலாம் என்று போர்டு முன்கூட்டியே எல்லை போட்டுக் கொடுக்க வேண்டும். எல்லைக்குள் இருந்தால் அவரே முடிவெடுப்பார், தாண்டும் என்று தெரிந்தால் எக்செப்ஷன் ரிப்போர்ட் எழுதி மேலே அனுப்புவார். நம் ஊரில் பிளான் போடுவோம், பட்ஜெட் போடுவோம், இந்த எல்லையை மட்டும் யாரும் எழுத மாட்டார்கள். எல்லை தெரியாதவன் இரண்டில் ஒன்றுதான் செய்வான்: எல்லாவற்றையும் மேலே தள்ளுவான், இல்லாவிட்டால் எதையுமே தொட மாட்டான். உங்கள் ஆள் இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன். குணத்தைத் திருத்தப் போகாதீர்கள், முதலில் அந்தக் காகிதத்தைத் தேடுங்கள்.

திருச்சி_தேவி

நானும் பிஎம்தான், "இழுத்தடிக்கிறாள்" என்று என்னையும் பேசியிருக்கிறார்கள். அதனால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும்.

புரோகிராமுக்குள் பிஎம்மாக இருப்பது தனி பிராஜெக்ட் நடத்துவது மாதிரி கிடையாது. நான் ஒரு முடிவெடுத்தால் அது பக்கத்து பிராஜெக்டையும் இடிக்கும். இடித்ததும் அந்த பிஎம் தன் ஆளிடம் போவார், அவர் ஸ்டியரிங் கமிட்டியில் பேசுவார், என் முடிவு தலைகீழாகிவிடும். மாற்றியவர் பெயர் எங்கும் இருக்காது, முதலில் எடுத்தவள் பெயர் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இது சில தடவை நடந்துவிட்டால் எந்த பிஎம்மும் மேலே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள், அனுபவம் கற்றுக் கொடுத்தது.

இன்னொன்று, இந்த முகவரி விதி உண்மையிலேயே டேட்டா மைக்ரேஷன் பிஎம்மின் முடிவா? தப்பான முகவரிக்கு செக் புக் போனால் பதில் சொல்லப் போவது யார்? விதிமுறைகள் பின்பற்றப்படுகிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவு. கடன் நோட்டீஸ் தப்பான வீட்டுக்குப் போனால்? கிரெடிட் டிபார்ட்மென்ட். இரண்டு பேரும் ஓரமாக நிற்க, டேட்டாவை நகர்த்துகிறவரைப் பிடித்து "நீ சொல்லு" என்றால் அவர் எப்படிச் சொல்வார்?

டொராண்டோ_தம்பி

அமேசான் பெசோஸ் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்று சொல்லியிருப்பார்: முடிவுகள் இரண்டு வகை, போனால் திரும்பி வர முடியாத கதவு, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய கதவு. இரண்டாவது வகையை வேகமாக எடுத்துவிட வேண்டும். அதற்கு அடுத்த கடிதத்தில், வேண்டிய தகவலில் 70 சதவீதம் கையில் இருந்தாலே பெரும்பாலான முடிவுகளை எடுத்துவிடலாம், 90 சதவீதம் வரட்டும் என்று காத்திருந்தால் நாம் மெதுவாகப் போகிறோம் என்று அர்த்தம் என்றிருப்பார். இதைப் பிரிண்ட் எடுத்து அவர் மேஜையில் வையுங்கள் அண்ணா :)

திருச்சி_தேவி

> இதைப் பிரிண்ட் எடுத்து அவர் மேஜையில் வையுங்கள்

வைத்தால் அவர் நிம்மதியாகிவிடுவார் தம்பி. வாடிக்கையாளர் எண்களைச் சேர்ப்பது திரும்பி வர முடியாத கதவு. கட்ஓவர் (புது சிஸ்டத்துக்கு மாறுவது) முடிந்து புது எண்ணில் நான்கு நாள் பரிவர்த்தனை ஓடிவிட்டால் அப்புறம் பிரிப்பது பெரும்பாடு. "பார்த்தீர்களா, அவரே நிதானமாகப் போகச் சொல்லியிருக்கிறார்" என்று இன்னும் ஒரு மாதம் எடுத்துக்கொள்வார்.

கீழ்க்கட்டளை_டெஸ்டர்

தேவி மேடம் சொல்வது எண்களைச் சேர்ப்பதற்குப் பொருந்தும், முகவரிக்குப் பொருந்தாது. இரண்டும் வேறு வேறு முடிவு, ஒரே மூட்டையாகக் கட்டி அவர் முன்னால் வைத்திருக்கிறார்கள். முகவரியைப் பிறகும் திருத்தலாம், பழையது எல்லாவற்றையும் ஒரு ஹிஸ்டரி டேபிளில் வைத்திருந்தால் போதும்.

அடுத்தது, விதியைக் கோடுக்குள் எழுதாமல் ஒரு முன்னுரிமை டேபிளில் வைக்கச் சொல்லுங்கள். முதலில் கேஒய்சி முகவரி, அது இல்லையென்றால் கடைசியாகத் திருத்தியது, அதுவும் இல்லையென்றால் கடன் கணக்கு. நாளைக்கு வரிசையை மாற்றினால் டேபிளில் எண்ணை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் ஆயிற்று. எங்களுக்கு இறுதி முடிவு வேண்டியதில்லை, ஓட்டிப் பார்க்க ஒரு வரிசை இருந்தால் போதும். தற்காலிக வரிசை என்று தெளிவாக எழுதிக் கொடுத்தால் பிப்ரவரி ஒத்திகையை ஓட்டிவிடுவோம். இப்போது நாங்கள் சாம்பார் வருமா மோர்க்குழம்பு வருமா என்று தெரியாமல் சோற்றைப் பார்த்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம்.

அரைப்பென்ஷன்

நல்ல யோசனைதான், ஆனால் "தற்காலிக" என்று எழுதியது எத்தனை இடத்தில் நிரந்தரமாகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வரிசைக்கு ஒரு காலாவதித் தேதி போடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு மாற்றினால் எந்தெந்த டீமுக்கு எவ்வளவு மறுவேலை என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

பாலம்கட்டி

நான் ஐடி கிடையாது, சிவில், ஹாங்காங்கில் இருக்கிறேன். இதைப் படிக்கும்போது ஆச்சரியமாக இருக்கிறது, ஏனென்றால் எங்கள் துறையில் இந்தச் சண்டையெல்லாம் போட்டு முடித்து ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள்.

இங்கே அரசு வேலைகளில் என்இசி என்ற ஒப்பந்த வகையை நிறையப் பயன்படுத்துகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் கட்டுமானங்களும் இதில்தான் நடந்தன. இதில் பிராஜெக்ட் மேனேஜர் என்பது ஒப்பந்தத்திலேயே பெயர் போட்டு வைத்திருக்கும் ஆள். கான்ட்ராக்டர் ஒன்று கேட்டால் இத்தனை நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருக்கும். அதற்குள் சொல்லாவிட்டால் அதுவே காம்பன்சேஷன் ஈவென்ட், அதாவது பதில் வராததால் ஆகும் காலமும் காசும் வேலை கொடுத்தவர் கணக்கில் ஏறும். இன்னும் ஒரு படி மேலே போய், கான்ட்ராக்டர் ஒரு மாற்றத்துக்கு விலை கொடுத்து, பிஎம் காலத்துக்குள் வாயைத் திறக்கவில்லை என்றால், கான்ட்ராக்டர் ஒரு நினைவூட்டல் கொடுக்கலாம். அதற்கப்புறமும் இரண்டு வாரம் மௌனம் என்றால் அந்த விலையை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். மௌனம் சம்மதம்.

கல்ஃபில் வேலை பார்த்தவர்களுக்கு ஃபிடிக் என்ற ஒப்பந்த வகை தெரிந்திருக்கும். 2017 பதிப்பில் கூடுதல் காசோ காலமோ கேட்டு ஒரு கிளெய்ம் வந்தால் இரு தரப்பையும் பேச வைத்து ஒத்துப்போக வைக்க, ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் இன்ஜினியருக்கு 42 நாள், ஒத்துப்போகாவிட்டால் தானே தீர்மானம் சொல்ல இன்னும் 42 நாள். அதற்குள்ளும் சொல்லவில்லை என்றால் கிளெய்மை நிராகரித்ததாக எடுத்துக்கொள்வார்கள். அங்கே மௌனம் மறுப்பு. கேட்டவனுக்கு வயிறு எரியும்தான், ஆனாலும் அவனுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது, பிடிக்கவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். உங்கள் பிஎம் விஷயத்தில் மௌனத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. தேதி மட்டும் ஓடுகிறது, அந்த நஷ்டம் அவர் கணக்கில் ஒரு பைசா ஏறுவதில்லை, மொபைல் ஆப் டீம் கணக்கில் ஏறுகிறது.

ஆகவே நான் அவரை அவசரப்படுத்த மாட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் தேதியைப் போட்டு, அந்தத் தேதி தாண்டினால் என்ன நடக்கும் என்பதையும் அதே வரியில் எழுதுவேன். அதையும் நீங்கள் தனியாக எழுதிக்கொள்ளக் கூடாது, டைரக்டர் ஒத்துக்கொண்டு எல்லா பிஎம்களுக்கும் பொதுவாக அறிவிக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் என்றால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

நாவலூர்_நாகு

பாலம்கட்டி அண்ணே, அதெல்லாம் ஒப்பந்தம், கோர்ட்டுக்குப் போனால் நிற்கும். ஒரே கம்பெனிக்குள் யார் யாரிடம் காம்பன்சேஷன் கேட்பது?

பாலம்கட்டி

காசு கேட்க வேண்டாம் தம்பி, மௌனத்துக்கு ஒரு அர்த்தம் வைத்தால் போதும். என்இசியில் எர்லி வார்னிங் என்று ஒன்றும் உண்டு. காலத்தையோ செலவையோ இடிக்கக்கூடிய விஷயம் தெரிந்தவுடன் பிஎம், கான்ட்ராக்டர் இருவரில் யார் பார்த்தாலும் சொல்லியாக வேண்டும். அதில் யார் தப்பு என்று எழுத மாட்டார்கள், எது எப்போது இடிக்கும் என்று மட்டும் எழுதுவார்கள். நீங்கள் சொன்ன சிவப்பு ரிப்போர்ட்டுக்குப் பதிலாக இதைச் செய்யலாம்.

புரோகிராம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் கிராஸ்ரெயில் என்ற புது ரயில் பாதை 2018 டிசம்பரில் திறப்பதாக இருந்தது. முடியாது என்று வெளியே சொன்னது அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில். ஓடத் தொடங்கியது 2022 மே 24. முப்பதுக்கும் மேற்பட்ட பெரிய ஒப்பந்தங்கள், ஒரே ரயில் மூன்று வகை சிக்னல் சிஸ்டத்தில் ஓட வேண்டும். தாமதத்துக்குக் காரணம் பல, ஒன்றை மட்டும் சொல்ல முடியாது. ஆனால் ஒப்பந்தங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்து ரிஸ்க் எந்தக் கான்ட்ராக்டரிடமும் இல்லை, புரோகிராமிடம்தான் இருந்தது. உங்கள் முகவரி விதியும் அப்படிப்பட்ட சேருமிடம்தான் என்று எனக்குப் படுகிறது. நான்கு பிராஜெக்ட் அதைத் தொடுகிறது, அதை ஏன் ஒரு பிராஜெக்டின் பிஎம்மிடம் வைத்திருக்கிறீர்கள்?

டொராண்டோ_தம்பி

அப்படிப் பார்த்தால் எல்லா முடிவும் மேலேதான் போகும், ஸ்டியரிங் கமிட்டி மாதத்துக்கு ஒருமுறைதானே கூடும்? தாமதம் இன்னும் மோசமாகாதா?

அரைப்பென்ஷன்

ஆகும். அதனால்தான் எல்லாவற்றையும் மேலே அனுப்பக் கூடாது. ஒரு பிராஜெக்டுக்குள் முடிவது பிஎம்மிடமே இருக்கட்டும், அதில் தலையிடவே கூடாது, தேவி சொன்ன மாதிரி பின்னால் போய் மாற்றவும் கூடாது. இரண்டு பிராஜெக்டைத் தொடுவதற்கு வாரம் ஒருமுறை அரைமணி நேரம், முடிவு எடுக்க மட்டும் ஒரு சின்னக் கூட்டம், அதில் ஸ்டேட்டஸ் பேசக் கூடாது. கமிட்டிக்குப் போவது காசு, தேதி, ஒழுங்குமுறை ஆணையம் சம்பந்தப்பட்டது மட்டும். முடிவுகளைக் குறிக்கும் பதிவேட்டில் யார் முடிவெடுப்பார் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும். இரண்டு பெயர் போட்டால் யார் பெயரும் போடாத மாதிரிதான்.

திருச்சி_தேவி

கேட்கும் விதமும் முக்கியம். "முகவரி விதி என்ன சார்?" என்று கேட்டால் அவர் போய் ஆராய்ச்சி செய்தாக வேண்டும், அவர் மேஜையில் இன்னும் இருபது விஷயம் கிடக்கிறது. மூன்று வழி, ஒவ்வொன்றிலும் என்ன கெடும், எங்கள் பரிந்துரை இது, இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள் என்று ஒரே பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை பாதி குறையும். அந்தத் தாளைக் கூட்டத்தில் முதன்முறையாக நீட்டாதீர்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் பெரியவர்கள் "பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்கள். முந்தின நாளே டீ குடிக்கும் நேரத்தில் போய்க் காட்டிவிடுங்கள்.

பெருங்களத்தூர்_பிஎம்ஓ

எல்லோருக்கும் நன்றி. அரைப்பென்ஷன் சார் கேட்ட காகிதத்தைத் தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்று இல்லவே இல்லை. அவருடைய நியமன மெயிலில் "டேட்டா மைக்ரேஷன் தொடர்பான அனைத்தும்" என்ற ஒரு வரிதான்.

கேன்டீனில் அவரிடம் உட்கார்ந்து பேசினேன். முதலில் வழக்கம்போல "பார்க்கலாம் தம்பி". தேவி சொன்ன ஒரு பக்கத் தாளை நீட்டியதும் கொஞ்ச நேரம் படித்துவிட்டு, பழைய கதை ஒன்று சொன்னார். முன்பு இரண்டு கிளைகளை இணைத்தபோது முகவரிகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள், ஒரு வாடிக்கையாளரின் செக் புக் அவர் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குப் போய்விட்டது. ஆடிட்டில் வந்த குறிப்பில் இவர் ஒருவர் பெயர்தான். இந்த முறையும் தனியாகக் கையெழுத்துப் போட அவர் தயாராக இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் இருவரும் டேட்டாவை எடுத்து வைத்துப் பார்த்தோம். சென்னை முகவரிகளில் "வேறு வேறு" என்று வந்திருப்பதில் பெரும்பங்கு ஒரே வீடுதான்! ஒன்றில் பழைய எண் 17, இன்னொன்றில் புதிய எண் 35, சிலவற்றில் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். தெருப் பெயர் ஒன்றில் "2வது குறுக்குத் தெரு", இன்னொன்றில் "செகண்ட் கிராஸ்". இதற்கு எந்த விதியும் தேவையில்லை, சுத்தம் செய்தால் போதும். அதை அவரே அன்று மாலை முடிவு செய்து மெயில் போட்டுவிட்டார்.

நிஜமாகவே வேறு வீடு என்று மிஞ்சியதை இரண்டாகப் பிரித்தோம். கடன் இல்லாதவர்களுக்குக் கேஒய்சி முகவரி முதலில், அது அவர் முடிவு, டெஸ்டர் சொன்ன மாதிரி டேபிளில் ஏறிவிட்டது. கடன் இருப்பவர்களுக்கு கிரெடிட், கம்ப்ளையன்ஸ் இரண்டு பக்கமும் கேட்டு டைரக்டர் முடிவெடுப்பார் என்று எழுதி அவரையே ஒத்துக்கொள்ள வைத்தேன் ("நீயே பேசி முடிச்சுடு" என்றவரிடமே போய் நின்றது தனிக் கதை). எல்லா பிஎம்களுக்கும் போன மெயிலை இங்கேயும் போடுகிறேன், யாருக்காவது உதவலாம்:

"கீழே உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் முடிவெடுப்பவர் பெயரும் தேதியும் இருக்கிறது. தேதிக்குள் பதிலோ, கூடுதல் நாள் வேண்டும் என்ற காரணமோ வராவிட்டால், அந்தக் கேள்விக்கு நேராகக் கடைசிப் பத்தியில் உள்ள வழியில் எல்லா டீம்களும் வேலையைத் தொடங்கும். அதற்குப் பிறகு மாற்ற விரும்பினால் மாற்றலாம், ஆனால் மறுவேலையின் அளவை எழுதி வாரக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லைக்குள் எடுத்த முடிவுக்கு புரோகிராம் பொறுப்பேற்கும்."

கடைசி வரியை டேட்டா மைக்ரேஷன் பிஎம்தான் சேர்க்கச் சொன்னார்.

நாவலூர்_நாகு

சரி, ஒத்துக்கொள்கிறேன், சிவப்பு வேண்டாம். ஆனால் கூட்டுக் கணக்கு என்ன ஆயிற்று? கணவன் மனைவி இருவர் பெயரில் இருக்கிறது, இருவருக்கும் தனித்தனி எண், முகவரியும் வேறு. அதில் யார் முகவரி?

பெருங்களத்தூர்_பிஎம்ஓ

அது இன்னும் முடியவில்லை நாகு. முதல் பெயரில் இருப்பவர் முகவரிக்கே தபால் போகட்டும் என்று டெஸ்ட் டீமுக்குத் தற்காலிகமாகக் கொடுத்திருக்கிறோம். முடிவெடுப்பவர் கம்ப்ளையன்ஸ், பெயர் போட்டாயிற்று, தேதி ஒத்திகைக்கு முந்தின வெள்ளி. அன்றைக்கு என்ன வருகிறது என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.

கீழ்க்கட்டளை_டெஸ்டர்

வியாழனே வந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும் முடிவை நாங்கள்தான் சனிக்கிழமை ஓட்ட வேண்டும்.